ஒரு தோளில் நான்கு பட்டை

என் தங்கையின் கல்யாணப் பத்திரிகையில் மூன்று பிழைகள் இருந்தன. இரண்டைத் திருத்திவிட்டேன். மூன்றாவது நான்.

பத்திரிகையின் மாதிரிப் படி எனக்கு ஃபேக்ஸில் வந்தது. அப்போது வேறு மாநிலத்தில் ஒரு சிறிய தனியார் விமானக் கம்பெனியில் துணை விமானியாக இருந்தேன். வானத்தைத் தனியாருக்குத் திறந்துவிட்ட பிறகு, ஈசல் போலக் கிளம்பி ஈசல் போலவே விழுந்த கம்பெனிகளில் அதுவும் ஒன்று. ஆண்டை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். எழுதினால் இதைப் படிக்கும் ஊர்க்காரர் ஒருவராவது பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு சரிபார்ப்பார். எப்படித் தெரியும் என்றால், வேறு யாராவது எழுதியிருந்தால் நான் அதைத்தான் செய்வேன்.

எனக்கு அப்படி ஒரு வியாதி உண்டு. மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் ஊர் மதகுக்கு எந்தத் தேதியில் வந்தது, திருக்காட்டுப்பள்ளிக்கு முதல் மினி பஸ் எந்தக் கிழமை ஓடியது, தொலைபேசி நிலையத்தைத் திறந்து வைத்தவர் எத்தனை மணி நேரம் தாமதமாக வந்தார் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டில் யாராவது "போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு" என்று ஆரம்பித்தால் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

எனவே ஃபேக்ஸ் தாளைக் கையில் வாங்கியதும் முதலில் தேதியைத்தான் பார்த்தேன். ஆவணித் தேதியில் ஒரு நாள் கூடியிருந்தது. திருவள்ளுவர் ஆண்டு போன வருடத்தது. பத்திரிகைக்குப் பொறுப்பு என் தாய்மாமா. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பற்றவைப்பு வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். யார் வீட்டிலோ போன வருடம் வைத்த பத்திரிகையைக் கொடுத்து, பேரை மட்டும் மாற்றி அடிக்கச் சொல்லியிருக்கிறார். எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன்.

திருவள்ளுவர் ஆண்டு தை மாதத்தில் மாறும் என்பதை அவருக்கு விளக்கவே பாதி நேரம் போயிற்று. மாமா எல்லாவற்றுக்கும் சரி என்றார். கடைசியில், ஏதோ சின்ன விஷயம் போல ஆரம்பித்தேன்.

"அப்புறம் மாமா, என் பேருக்கு முன்னாடி கேப்டன்னு இருக்கு."

"ஆமா."

"நான் இன்னும் ஆகல மாமா. அதுக்கு ஒரு தேர்வு இருக்கு. கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் வச்சிருக்காங்க."

"அப்ப கல்யாணத்தன்னைக்கு நீ கேப்டன்தான? பத்திரிகையில என்னைக்குத் தேதி போட்டிருக்கு? கல்யாணத் தேதிதான?"

தேதியை வைத்தே என்னை மடக்கிவிட்டார். மாமா இன்னொன்றும் சொன்னார்: "பெரிய வீட்டுப் பத்திரிகையில இன்னமும் மிராசுதார்னு போடுறாங்க. இப்ப எங்கடா இருக்கு மிராசு? இல்லாதத அவங்க போடுறாங்க. வரப்போறத நாம போட்டா என்ன?"

எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அழைப்போர் பட்டியலில் ஒவ்வொரு பேருக்கும் முன்னாலோ பின்னாலோ ஏதாவது ஒன்று இருக்கும். தலைமை ஆசிரியர் (ஓய்வு), கிராம நிர்வாக அலுவலர், உர வியாபாரம், ஒன்றும் இல்லாவிட்டால் துபாய். மிராசுதார் என்ற பாரசீகச் சொல் எங்கள் ஊருக்கு வந்து எத்தனையோ ஆட்சிகள் போய்விட்டன. சொல் மட்டும் பத்திரிகையை விட்டு இறங்கவில்லை. என் தாத்தா அந்த மிராசு வீட்டில் பண்ணையாள். அப்பா அதே வயலில் கூலிக்கு நாற்றுப் பறித்து, பிறகு குத்தகைக்கு உழுது, பிறகு வாய்க்காலின் கடைசியில், தண்ணீர் வந்தால் வரும் என்ற இடத்தில், சொந்தமாகக் கொஞ்சம் வாங்கியவர். எந்தப் பத்திரிகையிலும் அவர் பேருக்கு முன்னாலும் ஒன்றும் இல்லை, பின்னாலும் ஒன்றும் இல்லை. அந்த வெற்றிடத்துக்குக் கீழ் வரியில், அவருடைய மகன் என்ற முறையில், கேப்டன்.

அடித்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. அடிக்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. ஆவணித் தேதியை மறுபடி ஒருமுறை நினைவுபடுத்திவிட்டு ஃபோனை வைத்தேன்.

இனி அந்தத் தேர்வைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் கருவிக் கதை. சுருக்கமாகச் சொல்கிறேன், சுருக்கம் எனக்கு வராது என்பதை அன்று கல்யாண மண்டபத்தில் இருந்த எல்லோரும் சொல்வார்கள்.

மேகமும் மழையும் கண்ணை மறைக்கும்போது கருவிகளை மட்டும் நம்பி ஓடுதளத்துக்கு இறங்க வேண்டும். பழைய ஏற்பாட்டில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் எங்காவது ஒரு வெளியில், வேலிக்குள், ரேடியோ நிலையம் ஒன்று நிற்கும். நம் முன்னால் இருக்கும் ஊசி அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டும். டி.எம்.இ. என்ற கருவி அது எத்தனை மைல் என்று சொல்லும். இறங்குவதற்கான வரைபடத்தில் மாடிப்படி போலப் போட்டிருக்கும்: நிலையத்திலிருந்து இத்தனை மைலில் இந்த உயரம், இன்னும் கிட்டே வந்தால் இந்த உயரம். படி தவறாமல் இறங்கினால், கடைசிப் படியில் மேகம் விலகி ஓடுதளம் எதிரே தெரியும்.

எங்கள் விமானங்களில் ஜி.பி.எஸ். பெட்டி பொருத்தியது அந்தச் சமயத்தில்தான். செயற்கைக்கோள்களைக் கேட்டு நாம் இருக்கும் இடத்தையும், நாம் சொல்லும் இடத்துக்கு எவ்வளவு தூரம் என்பதையும் அது சொல்லிவிடும். டி.எம்.இ. வேலை செய்யாத நாளில் பெட்டி காட்டும் தூரத்தையே வைத்து இறங்கலாம் என்று அனுமதியும் வந்தது. ஒரு நிபந்தனை உண்டு. பெட்டியில் அந்த ரேடியோ நிலையத்தின் பேரைத்தான் கொடுக்க வேண்டும். ஏனென்றால் வரைபடத்தில் உள்ள மைல்கள் அந்த நிலையத்திலிருந்து எண்ணியவை. விமான நிலையத்திலிருந்து அல்ல.

இதை ஏன் இவ்வளவு நன்றாகச் சொல்ல முடிகிறது என்றால், கம்பெனிக்கு இதைப் பற்றிக் கையேடு எழுதியவனே நான்தான். யாரும் எழுதச் சொல்லவில்லை. சோழர் கலங்கள் நட்சத்திரம் பார்த்துக் கடல் கடந்ததிலிருந்து தொடங்கியிருந்தேன். செயற்கைக்கோளுக்கு வந்து சேரப் பாதிக் கையேடு ஆகிவிட்டது. முன்னுரையில் பழைய ஊசியை அருங்காட்சியகத்துக்கு அனுப்பலாம் என்று ஒரு வரி எழுதி, அதில் எனக்கு ரொம்பப் பெருமை. அந்த நிபந்தனையைத் தடித்த எழுத்தில் போட்டு அடிக்கோடும் இட்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என்னைப் பெட்டி பண்டிதர் என்று கூப்பிட்டார்கள். கேலி என்பது தெரியும். கேட்க நன்றாக இருந்தது.

தேர்வுக்கு முதல் நாள் அம்மா ஃபோன் செய்தாள். மேலதிகாரிகளுக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பக் கூடாதாம், நேரில் தட்டில் வைத்துத் தர வேண்டுமாம். எனக்கு அங்கே மேலதிகாரி என்று இருந்தது எனக்குத் தேர்வு வைக்க வந்த மூத்த கேப்டன் ஒருவர்தான். மலையாளி. விமானப்படையில் இருந்தபோது சில வருடம் தஞ்சாவூர்ப் பக்கம் வேலை பார்த்தவர். பஸ் பலகைகளைப் பார்த்தே தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். கேன்டீனில் ஒரு எவர்சில்வர் தட்டை இரவல் வாங்கி, வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழத்தோடு பத்திரிகையை வைத்து அவர் அறைக்குள் போனேன். இடையில் யோசனை ஒன்றும் வரவில்லை. எங்கள் ஊரில் பத்திரிகை வைக்கப் புறப்பட்டவன் யோசிக்கும் வழக்கம் இல்லை.

அவர் தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல் வைத்து, மெதுவாகப் படித்தார். மணமக்கள் பேர் கடந்தது. ஊர் கடந்தது. அடுத்து வருவது அழைப்போர் பட்டியல் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"கே… ப்… டன்," என்று படித்து நிமிர்ந்தார். "இது யாரு?"

"நான்தான் சார்."

"எப்பலேருந்து?"

"நாளையிலேருந்து சார்."

அவர் பழத்தை மேசையில் வைத்துவிட்டு, தட்டை என்னிடம் திருப்பித் தந்தார். "நாளைக்குக் காலையில பாக்கலாம்," என்றார்.

காலையில் எனக்கு நல்ல சகுனமாகவே இருந்தது. டி.எம்.இ. பழுது, இன்று இயங்காது என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஊசி இயங்கும், தூரம் கிடைக்காது. அதாவது பெட்டியை வைத்துத்தான் இறங்க வேண்டும். வினாத்தாளை நானே எழுதியது போல இருந்தது. பயணிகள் இல்லாத விமானம். நான் இடது பக்கம், கேப்டன் உட்காரும் இடத்தில். தேர்வாளர் வலது பக்கம், துணை விமானியாக. வெளியே எதுவும் தெரியாதபடி என் பக்கத்துக் கண்ணாடிக்கு மறைப்புப் போட்டிருந்தது.

கிளம்பினோம், திரும்பினோம், இறங்கும் பாதைக்கு வந்தோம். பெட்டியில் பேரைக் கொடுத்தேன். விமான நிலையத்தின் பேரை.

ஏன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். எங்கே போகிறோம் என்று மனசு கேட்டது, கை பதில் சொல்லிவிட்டது, அவ்வளவுதான். இதில் என்னைக் கேவலப்படுத்துவது ஒன்று உண்டு. தஞ்சாவூரில் பேருந்து நிலையத்தை ஊருக்குத் தெற்கே புதிதாகக் கட்டிய பிறகு, தஞ்சாவூர் எத்தனை கிலோமீட்டர் என்று யாராவது கேட்டால், எந்தத் தஞ்சாவூர், பழைய பஸ் ஸ்டாண்டா புதிய பஸ் ஸ்டாண்டா என்று திருப்பிக் கேட்காமல் நான் பதில் சொன்னதில்லை. இதற்காக ஒரு கண்டக்டரோடு பூதலூர் வரை சண்டை போட்டிருக்கிறேன். பலகைகளில் எங்கிருந்து எண்ணிய தூரம் என்று எழுத வேண்டும் என நாளிதழுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன், பிரசுரமும் ஆகியிருக்கிறது. அப்பேர்ப்பட்டவன்.

அந்த ஊரில் ரேடியோ நிலையம் ஓடுதளத்துக்கு இரண்டு மைல் முன்னால், நாங்கள் வரும் வழியிலேயே இருந்தது. ஆகவே பெட்டி காட்டிய தூரம் எப்போதும் இரண்டு மைல் கூடுதல். ஒவ்வொரு படியிலும் நான் இரண்டு மைல் தாமதமாக இறங்கினேன். எனக்கோ எல்லாம் பிரமாதமாகப் போவதாக நினைப்பு. ஒவ்வொரு மைலையும் உயரத்தையும் கோயில் குருக்கள் போலக் குரல் எடுத்துச் சொன்னேன். தேர்வாளர் ஒவ்வொன்றுக்கும் "சரி" என்றார். அந்தச் சரி, நான் சொன்னது காதில் விழுந்தது என்ற பொருளில் என்று பிறகுதான் புரிந்தது.

பெட்டி இன்னும் இரண்டு மைல் என்று காட்டிக்கொண்டிருந்தபோது ஊசி ஆடியது. தயங்கியது. பிறகு ஒரு சுற்றுச் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொள்வது போலப் பின்பக்கம் காட்டி நின்றது. நிலையத்தைத் தாண்டிவிட்டாய் என்பதற்கு ஊசியின் பாஷையில் வேறு சொல் கிடையாது. பறக்கக் கற்றுக்கொள்ளும் முதல் மாதத்தில் சொல்லித் தருவது.

"ஊசி சரியில்ல சார்," என்றேன்.

"அப்படியா," என்றார்.

கொஞ்ச நேரத்தில் அவரே கை நீட்டி மறைப்பை எடுத்தார். எதிரே தூரத்தில் நாடா போல ஓடுதளம் தெரிய வேண்டும். தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். விமானத்தின் மூக்குக்கு நேர் கீழே, வெகு ஆழத்தில், அது போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸில் தூங்கிப்போய், இறங்க வேண்டிய நிறுத்தம் பின்னால் போவதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி. இறங்க வழியில்லை. மறுபடி மேலே ஏறினேன். அது மட்டும் ஒழுங்காகச் செய்தேன். ஏற்கனவே மேலேதானே இருந்தேன்.

தரையில் வந்து இயந்திரங்களை நிறுத்திய பிறகுதான் பேசினார்.

"எங்கேருந்து எண்ணினீங்க?"

நான் பெட்டியைப் பார்த்தேன். அதில் இன்னும் விமான நிலையத்தின் பேர் எரிந்துகொண்டிருந்தது.

"ஒரு கையேடு படிச்சேன்," என்றார். "நல்லா எழுதியிருக்கு. அதுல ஒரு வரிக்கு அடிக்கோடு போட்டிருக்கு. எழுதினவர் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

அவர் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை என்பது அடுத்த பேச்சில் தெரிந்தது. இந்த ஊரில் ரேடியோ நிலையம் ஓடுதளத்துக்கு முன்னால் இருக்கிறது, அதனால் உயரத்தில் நின்றுபோனீர்கள். நிலையம் ஓடுதளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கும் ஊர்களும் இருக்கின்றன. அங்கே இதே தப்பைச் செய்தால் பெட்டி இரண்டு மைல் குறைத்துக் காட்டும். ஒவ்வொரு படியும் முன்கூட்டியே இறங்குவீர்கள். வழியில் குன்று இருந்தால் மறைப்பை எடுக்க நேரம் இருக்காது. இவ்வளவுதான் சொன்னார். அந்த இரண்டு மைலை அதன் பிறகு நான் எந்த ஊரிலும் மறந்ததில்லை.

கூடுதல் பயிற்சி, பிறகு மறுதேர்வு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுதேர்வு கல்யாணத்துக்குப் பிறகு. எழுந்தவர் கதவருகே நின்று, "கல்யாணத்துக்கு வருவேன். தஞ்சாவூர்ச் சாப்பாடு சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு," என்றார். வராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அழைத்தது நான்தான். தட்டில் வைத்து.

மாமாவுக்கு மட்டும் ஃபோனில் சொன்னேன். "பேனரே வச்சாச்சு மாப்ள," என்றார்.

டிஜிட்டல் பேனர் எங்கள் பக்கம் அப்போதுதான் வந்திருந்தது. அதுவரை சுவரொட்டியில் கறுப்பு வெள்ளையில் சிரித்தவர்கள் எல்லாம் திடீரென ஆளுயரத்துக்குக் கலரில் சிரிக்க ஆரம்பித்திருந்த காலம். கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை திருக்காட்டுப்பள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்னையே எதிரில் பார்த்தேன். தொப்பியோடு, கண்ணுக்குத் தெரியாத எதையோ வணங்குகிற மாதிரி நின்றேன். தலைக்கு மேல் கேப்டன். துணை விமானிக்குத் தோளில் மூன்று பட்டை, கேப்டனுக்கு நான்கு. என் பழைய படத்தில் மூன்று இருந்ததால், மாமா சொல்லி, தஞ்சாவூர் பேனர் கடையில் கம்ப்யூட்டரில் ஒரு பட்டையை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். இடது தோளில் மட்டும். வலது தோளை மணமக்கள் படம் மறைத்துவிடும் என்று விட்டிருக்கிறார்கள், கடைசியில் மறைக்கவில்லை. ஆக ஒரு தோளில் நான்கு, மறு தோளில் மூன்று. உலகத்தில் எந்த விமானப் போக்குவரத்திலும் அப்படி ஒரு பதவி கிடையாது. ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை. கவனித்தவன் நான்தான், வழக்கம் போல.

பேனருக்குக் கீழே அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்காக வந்திருந்தார். என்னை விட்டுவிட்டு மேலே இருந்தவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை.

"அப்பா, நான் இன்னும் கேப்டன் ஆகல. தேர்வுல தோத்துட்டேன். இன்னொரு தடவ எழுதணும்."

அவர் பேனரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாமாவுக்குத் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார், நானும் கூடவே நடந்தேன். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினோம்.

"பெரிய வீட்டுக்கு நான்தான் போயி பத்திரிகை வச்சேன்," என்றார். "முன்வாசல் வழியாப் போனேன். அவரு கண்ணாடி போட்டுப் படிச்சிட்டு, யாருடா கேப்டன், ஒன் மவனான்னாரு. ஆமாங்கன்னு சொன்னேன்."

சைக்கிளை ஒரு நிமிடம் நிறுத்தினார்.

"நான் வச்ச பத்திரிகை அது. நாளைக்கு அவரு வருவாரு. வேற யாரு வாயிலேருந்தும் வர்றதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு."

மாமாவுக்கு இதில் சம்மதமே இல்லை. அடுத்த மாதமே ஆகிவிடப் போகிறவனை, ஆகவில்லை என்று ஊரைக் கூட்டிச் சொல்வானேன் என்றார். அப்பா பந்தல்காரரோடு பேசப் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் சீர்திருத்தக் கல்யாணம். ஐயர் கிடையாது, மைக் உண்டு. மாலை மாற்றித் தாலி கட்ட ஆகிற நேரத்தைப் போலப் பல மடங்கு நேரம் வாழ்த்துரை நடக்கும். முன் வரிசையில் பெரிய வீட்டுக்காரரைக் கொண்டுபோய் மாமா உட்காரவைத்தார். எழுபதைத் தாண்டியவர், வெள்ளை வேட்டி, கையில் மொய்க் கவர். எங்கள் தெருக் கல்யாணங்களுக்கு அவர் வருவதே அபூர்வம். வந்தால் கவரைக் கொடுத்து, கலர் சோடா ஒன்று குடித்துவிட்டுக் காரில் ஏறிவிடுவார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில், மாமாவின் கணக்குப்படி சபையில் அடுத்த பெரிய மனிதரான தேர்வாளரை உட்காரவைத்தார். நான் மேடையிலிருந்து பார்த்தேன். என்னைத் தோற்கடித்தவரும் என் அப்பாவை முன்வாசலில் நிறுத்திக் கேட்டவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்ததாக நன்றியுரை," என்று மாமா மைக்கில் ஆரம்பித்தார். ஒரு நொடி என்னைப் பார்த்தார். பழக்கம் விடவில்லை. "நம்ம கேப்டன் பேசுவாங்க."

மைக்கை வாங்கினேன். நன்றி சொல்வதற்கு முன் பத்திரிகையில் ஒரு திருத்தம் உண்டு என்றேன். எங்கள் ஊர்க்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள். தேதியைத்தான் சொல்லப் போகிறேன் என்று நினைத்தார்கள். "நான் கேப்டன் இல்லை. போன வாரம் தேர்வு எழுதினேன், தேறவில்லை. இப்போதும் துணை விமானிதான். வெளியே இருக்கிற பேனரில் வலது தோள்தான் சரி."

இங்கே நிறுத்தியிருக்கலாம். நன்றி, வணக்கம், சாப்பிட வாருங்கள் என்று முடித்திருக்கலாம். ஆனால் சபை அமைதியாக இருந்தது. அமைதியாக ஒரு சபை எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. ஏன் தேறவில்லை என்பதை விளக்க ஆரம்பித்தேன். ஊசியைச் சொன்னேன். டி.எம்.இ.யைச் சொன்னேன். ரேடியோ நிலையத்துக்கு மேடைத் தூணையும் ஓடுதளத்துக்கு வாசற்படியையும் உதாரணம் காட்டினேன். பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் புதிய பஸ் ஸ்டாண்டுக்கும் வந்தபோது, பந்திக் கூடத்து வாசலில் சமையல்காரர் கரண்டியோடு வந்து நின்றார். மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் தங்கை, மணமேடையிலிருந்து, சன்னமாக, ஆனால் மைக்கில் விழும்படி, "அண்ணே, எறங்கு," என்றாள்.

சபை சிரித்தது. பெரிய வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. முன் வரிசையிலிருந்தே கேட்டார்: "அப்ப ஏரோப்ளேன ஓட்டுறது யாரு?"

"நானும்தாங்க ஓட்டுவேன். கேப்டனுக்குப் பக்கத்துல ஒக்காந்து."

"ஒக்காந்து ஓட்டுறது போதாதா? இதுக்கு எதுக்கு இவ்வளவு நீட்டம்?" என்று பக்கத்தில் இருந்த தேர்வாளரைப் பார்த்துக் கேட்டார்.

"போதாது," என்றார் தேர்வாளர். "அதனாலதான் மறுபடி எழுதச் சொல்லியிருக்கேன். எழுதிடுவார்." சொல்லிவிட்டு எழுந்தார். "இலை போட்டாச்சா?"

அவருக்குப் பசி. நேராகப் பந்திக் கூடத்துக்கு நடந்தார். பேச்சை முடிக்காத பெரிய வீட்டுக்காரரும், விமானத்தில் ஜன்னல் திறக்குமா என்பது போல ஏதோ கேட்டுக்கொண்டே கூட நடந்தார். தேர்வாளர் முதல் வரிசையில் உட்கார்ந்து பக்கத்து இலையைக் காட்டினார். விருந்தாளி ஒருவர் உட்காரச் சொல்லிக் காட்டும்போது கலர் போதும் என்று சொல்லிக் கிளம்ப முடியாது. பெரிய வீட்டுக்காரர் உட்கார்ந்தார். எங்கள் வீட்டு இலையில், எங்கள் ஆள் பரிமாற, சாம்பார், ரசம், பாயசம் என்று கடைசி வரை சாப்பிட்டார். என் பேச்சால் நடந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நடந்தது தேர்வாளரின் பசியால். அப்பா பந்திக் கூடத்துத் தூணருகே கையைக் கட்டிக்கொண்டு நின்று அந்த இலையையே பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை. கை கழுவப் போகும்போது பெரியவர் அவரிடம், "ஒன் மவன் நல்லாத்தான் பேசுறான். பாதிதான் புரிஞ்சுது," என்றார்.

"எங்களுக்கு அதுவும் புரியலைங்க," என்றார் அப்பா. அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

உண்மையைச் சொன்னதால் வதந்தி நின்றது என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்று சாயங்காலமே கடைத்தெருவில், நான் விமான நிலையம் தெரியாமல் தாண்டிப் போய்விட்டதாகப் பேச்சு. மறுநாள் விமானத்தை ஏதோ நடவு வயலில் இறக்கியிருந்தேன். மூன்றாம் நாள் வேலை போய்விட்டது. துக்கம் கேட்க இருவர் வந்தார்கள். அடக்கத்துக்காகச் சொல்கிறான் என்று நினைத்து முன்னைவிட உரக்கக் கேப்டன் என்று கூப்பிட்டவர்களும் உண்டு. திருத்தம் வெளியிடுவதில் உள்ள அபாயம் இது. வரலாறு எழுதுகிறவர்கள் கவனிக்கவும்.

மறுதேர்வு புரட்டாசி கடைசியில் நடந்தது. டி.எம்.இ. அப்போதும் பழுது. பெட்டியில் ரேடியோ நிலையத்தின் பேரைக் கொடுத்து, எங்கிருந்து எண்ணுகிறேன் என்பதை வாய்விட்டுச் சொன்னேன். பெட்டியில் சைபர் வரும்போதே ஊசியும் திரும்பியது. இந்தத் தடவை அதைப் பற்றிக் கருத்து எதுவும் சொல்லவில்லை. மறைப்பை எடுத்தபோது ஓடுதளம் இருக்க வேண்டிய இடத்தில், எதிரே இருந்தது. தேர்வாளர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, பாயசம் நன்றாக இருந்தது என்று வீட்டில் சொல்லச் சொன்னார்.

அப்பாவிடம் செல்ஃபோன் கிடையாது, மாமாவுடையதுக்குப் போட்டேன். இரண்டு பேரும் நெல் கொள்முதல் நிலையத்தில் இருந்தார்கள். குறுவை அறுத்து, களத்தில் கொட்டி, எடை போடுவதற்கு முறை வரக் காத்திருந்தார்கள். பின்னால் மழைக்கு முந்தின காற்றின் இரைச்சல்.

"தேறிட்டேன்பா," என்றேன்.

"சரி," என்றார் அப்பா. பிறகு, "கையெழுத்துப் போட்டுட்டாரா?"

"போட்டுட்டாரு."

"சரி."

மாமா ஃபோனை வாங்கிவிட்டார். பேனரை நெல் குவியல் மேல் போர்த்தியிருப்பதாகவும், தார்ப்பாயைவிட உறுதியாக இருப்பதாகவும் சொன்னார். அவருக்கு உடனே யோசனை வந்துவிட்டது. "மாப்ள, இப்ப அது உண்மைதான? சைக்கிள் கடையில மஞ்ச பெயிண்டு இருக்கு. அந்த வலது தோள்லயும் ஒரு பட்டை இழுத்துடவா?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் அப்பாவின் குரல் கேட்டது.

"பெயிண்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மழ வருது, மொதல்ல இழுத்து மூடு."

அன்று அங்கே நல்ல மழை என்று பிறகு விசாரித்து எழுதி வைத்தேன். நெல் நனையவில்லை என்றும். படம் மேல் பக்கமாக இருந்ததா, நெல்லைப் பார்த்துக் கவிழ்ந்திருந்ததா என்று மட்டும் கேட்க விட்டுப்போய்விட்டது.